ஒரு பக்கம் சப்பையான வட்டம்

சித்தப்பா எதையும் அப்படியே கீழே வைக்கமாட்டார். டம்ளரோ, எண்ணெய்ப் புட்டியோ, கைபேசியோ, எதுவானாலும் அதன் அடியைச் சட்டையின் இடுப்புப் பக்கத்தில் ஒருமுறை தேய்த்துவிட்டுத்தான் வைப்பார். அவருடைய எல்லாச் சட்டைகளிலும் வலது இடுப்புக்கு மேலே உள்ளங்கை அளவு துணி நைந்து வெளுத்திருக்கும். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையை ஒருநாள் சமையல் மேடைமேல் உட்காரவைக்கச் சொன்னபோது அதன் அடியையும் துடைத்துவிட்டுத்தான் வைத்தார் என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். அது அப்பா கட்டிய கதை. ஆனால் யாரும் மறுத்ததில்லை. சித்தப்பாவும் மறுத்ததில்லை.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவர் என்னிடம் சொன்னபோது எனக்கு வயது இருபத்திரண்டு. அதற்குள் நான் செய்யக்கூடாததைச் செய்து முடித்திருந்தேன். வாசிப்பவர்களும் என்னைப் போல இருட்டில் நடக்க வேண்டாம் என்பதால் அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சித்தப்பா, வீடு மாற்றிக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருஷம் சுமை தூக்கினார். பெரிய சாமான்களை இரண்டு பேர் சேர்ந்து தூக்குவார்கள். மாடிப்படியில் இறங்கும்போது ஒருவர் பின்பக்கமாக நடக்க வேண்டும். அவருக்குக் கண் என்பது எதிரில் பிடித்திருப்பவரின் வாய்தான். "படி. இன்னொரு படி. கொஞ்சம் வலது. அவ்வளவுதான், தரை." பதினொரு வருஷம் சித்தப்பா பின்பக்கமாக நடந்தார், பதினொரு வருஷம் அவருக்குக் கண்ணாக இருந்தவர் நெட்டை. உயரம் அப்படி. சித்தப்பாவை அவர் குட்டை என்று கூப்பிடுவார்.

ஒருநாள் புது வீடு ஒன்றுக்குச் சமையல் மேடைக்கான நீள மரப்பலகையை இறக்கினார்கள். இன்னும் எண்ணெயே படாத வெறும் மரம். அதை இரண்டு முக்காலிகள்மேல் கிடத்திவிட்டு, சித்தப்பா தண்ணீர் குடித்தார். வெளிப்பக்கம் வேர்த்திருந்த தன் இரும்புத் தண்ணீர்த் தூக்கை அந்தப் பலகைமேல் வைத்தார். சாயங்காலம்தான் எடுத்தார். மறுநாள் பலகையில் மை ஊற்றியது போல ஒரு கறுப்பு வட்டம். அந்த மரத்தில் ஈரமும் இரும்பும் சேர்ந்து உட்கார்ந்தால் அப்படித்தான் ஏறும். துடைத்தால் போகாது. வீட்டுக்காரர் பலகையைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

மேற்பார்வையாளர் இருவரையும் நிற்கவைத்துக் கேட்டார், யாருடைய தூக்கு என்று. இருவரிடமும் ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரித் தூக்கு. நெட்டை தலையைச் சொறிந்தார். "என்னுதாத்தான் இருக்கும் சார். நான் எதை எங்க வெச்சேன்னு எனக்கே தெரியாது."

சித்தப்பாவுக்குத் தெரியும். அவருடைய தூக்கு முன்பு ஒருமுறை வண்டியிலிருந்து விழுந்து, அடி ஒரு பக்கம் சப்பையாகியிருந்தது. பலகையில் இருந்த வட்டமும் அதே மாதிரி ஒரு பக்கம் சப்பை. அவர் வாயைத் திறக்கவில்லை. அந்த மாதம் ஒரு நிலைக்கண்ணாடியை உடைத்து ஏற்கெனவே எச்சரிக்கை வாங்கியிருந்தார். இன்னொரு புகார் என்றால் வேலை போய்விடும். அப்பா அப்போது வேலையில்லாமல் இருந்தார். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டிய மாதம் அது. கடைசிக் காரணத்தைச் சித்தப்பா ஒருபோதும் சொன்னதில்லை. வருஷத்தையும் மாதத்தையும் வைத்து நானே கண்டுபிடித்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். சான்றிதழில் இருக்கிற பெயர் என்னுடையதுதானா என்று அதற்குப் பிறகு சில நாள் தோன்றியிருக்கிறது.

நெட்டையை வீடுகளுக்கு அனுப்புவதை நிறுத்தி, கிடங்கில் அட்டைப்பெட்டி மடிக்கப் போட்டார்கள். ஒரு வருஷத்தில் அவர் அந்த வேலையையே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கறை விழுந்தபோது எனக்கு மூன்று வயது. எனக்குப் பன்னிரண்டு வயதானபோது எங்கள் வீட்டுச் சமையல் மேடை உயிரை விட்டது. மரத்தூளை அழுத்திச் செய்து மேலே தாள் ஒட்டிய பலகை அது. தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் ஊறி, உப்பி, அம்மா கத்தியை வைத்தால் கத்தி தானாகச் சரிந்து வந்தது. அம்மா ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவள். வீட்டுக்கு வந்து மறுபடியும் அவள் நிற்க வேண்டிய இடம் அந்த மேடைதான். எனவே அவள் விருப்பம்தான் சட்டம் என்று அப்பா சொல்லிவிட்டார்.

"கல்லு போடுவோம்," என்றாள் அம்மா. "ஒரு துடைப்பு துடைச்சா முகம் தெரியணும்."

"முகம் பாக்கத்தான் கண்ணாடி இருக்கே அண்ணி," என்றார் சித்தப்பா. "கல்லு போட்டா, உங்க கையிலேருந்து நழுவற கிளாஸ் ஒண்ணுகூட மிஞ்சாது."

"நான் என்ன தினமுமா நழுவ விடறேன்?"

"தினமும்னு சொல்லுவேனா? செவ்வாய், வியாழன் மட்டும்தான்."

அம்மா கரண்டியைத் தூக்கிக் காட்டினாள். சித்தப்பா ஒரு அடி தள்ளி நின்றுகொண்டு தொடர்ந்தார். நானூறு சமையலறைகளைக் காலி செய்தவர் அவர். சாமானெல்லாம் வண்டியில் ஏறிய பிறகு கடைசியில் மேடை மட்டும் வெறுமையாகக் கிடக்கும். அப்போதுதான் அது பேசும் என்பார். எந்தப் பக்கம் நின்று நறுக்கினார்கள், எந்த மூலையில் சூடான சட்டியை வைத்தார்கள், வீட்டில் இடதுகைக்காரர் யார், எல்லாம் தெரியுமாம். "கல்லு ஓரத்துல ஒரு சில்லு போச்சுன்னா போனதுதான் அண்ணி. மரம் அப்படியில்ல. தேய்ச்சு எண்ணெய் காட்டினா மறுபடி எந்திரிச்சு உக்காந்துக்கும்."

"உங்களுக்கு மரத்து மேல அப்படி என்ன தம்பி பாசம்?"

அவர் டம்ளரின் அடியைத் துடைத்தார்.

மறுவாரம் கம்பெனி வண்டியில் பலகை வந்தது. ஒன்பது வருஷம் கிடங்கில் சுவரோரம் நின்ற அதே பலகை. யாரும் எடுக்காததால் மேற்பார்வையாளர் சும்மாவே கொடுத்துவிட்டாராம். அடர்ந்த பழுப்பு, கனம், ஓடுகிற தண்ணீர் போல ரேகை. வலது ஓரத்தில் அந்த வட்டம்.

"ஊர்ல நல்ல பலகையே இல்லையா?" என்றாள் அம்மா. "கறை புடிச்சதைத் தேடிக் கண்டுபுடிச்சுக் கொண்டு வந்திருக்கீங்க."

"ஓரத்துலதானே இருக்கு அண்ணி."

"சரி, திருப்பிப் போடுங்க. அடியில போயிடும்."

"அந்தப் பக்கம் வளைவு."

பேருந்துப் பணிமனையில் வேலை பார்க்கும் அப்பா உடனே தன் இரும்பு அளவுகோலை எடுத்து வந்து பலகையின் மறுபக்கத்தில் வைத்துக் குனிந்து பார்த்தார். வெளிச்சம் புகும் இடைவெளி எங்கேயும் இல்லை. நிமிர்ந்து தம்பியின் முகத்தைப் பார்த்தார். அங்கே என்ன கண்டாரோ, "ஆமா, வளைவுதான்," என்று சொல்லிவிட்டு அளவுகோலைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வட்டம் மேலே வந்தது.

பலகையைப் பொருத்த இரண்டு நாள் ஆயிற்று. கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்துக்கும் சித்தப்பா எண்ணெய் காட்டினார். ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்தால் பலகை முதுகு வளைத்துக்கொள்ளுமாம். சுவருக்கும் பலகைக்கும் நடுவே சுண்டுவிரல் அளவு இடம் விட்டார். அப்பா அதை சிமெண்டால் அடைக்கக் கிளம்பினார். "அது மூச்சு விடற இடம் அண்ணா. மழைக்காலத்துல பலகை அகலமாகும். அடைச்சீங்கன்னா சுவர் தள்ளும், இல்லன்னா பலகை வெடிக்கும்." "ரெண்டுமே நம்ம வீட்டுதானேடா," என்று அப்பா சிமெண்டைக் கீழே வைத்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் சோதனை நடக்கும். சித்தப்பா விரலை நனைத்து மேடைமேல் அங்கங்கே சொட்டு வைப்பார். சொட்டு முத்துப் போல உருண்டு நின்றால் மரத்துக்கு வயிறு நிறைந்திருக்கிறது. பரவி உள்ளே இறங்கினால் பசி. பசி எப்போதும் தொட்டியின் ஓரத்தில்தான் தொடங்கும். அங்கே மட்டும் ஆளிவிதை எண்ணெயை இரண்டு தடவை காட்டுவார். மெல்லிசாகத் தேய்த்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மிஞ்சியதை முழுக்கத் துடைத்து எடுக்க வேண்டும். முதல் மாதம் அம்மா அவசரத்தில் தாராளமாக ஊற்றிவிட்டு அப்படியே விட்டுவிட்டாள். மேடை ஒரு வாரம் பிசுபிசுவென்று இருந்தது, செய்தித்தாள் ஒட்டிக்கொண்டது. விளையாட்டுப் பக்கத்தை அப்பா அங்கேயே குனிந்து நின்று படித்தார்.

எண்ணெய்த் துணியைச் சித்தப்பா சுருட்டிப் போட விடமாட்டார். சுருட்டினால் தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும் என்று கொடியில் விரித்துத்தான் போடுவார். அடுப்பிலிருந்து இறங்கும் சட்டிக்குக் கீழே கட்டாயம் ஒரு மணை இருக்க வேண்டும். நறுக்குவதற்குத் தனிப் பலகை. ஆனால் எண்ணெய் காட்டும்போது அந்த வட்டத்தின் மேல் மட்டும் அவர் கை மெதுவாகப் போகும். தேய்க்கிற மாதிரி இருக்காது, தடவுகிற மாதிரி இருக்கும்.

அந்த வட்டம்தான் என் படிப்பறை. வீட்டில் வேறு மேசை கிடையாது. அந்த ஓரத்தில் உயரமான முக்காலி போட்டு உட்கார்ந்து பள்ளிப் பாடத்தையும் பிறகு கல்லூரிப் பாடத்தையும் படித்தேன். பாடம் மண்டையில் ஏறாதபோது விரலால் வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருவேன். சப்பையான இடத்தில் விரல் தானாக நேராக ஓடும். "வக்கீலம்மா, படிக்கிறியா, வண்டி ஓட்டறியா?" என்பார் சித்தப்பா. நான் எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அவர் வைத்த பெயர் அது.

படிப்பு முடிந்து ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். மூன்றாவது மாதம் உடன் வேலை பார்க்கும் நான்கு பேர் வீட்டுக்குச் சாப்பிட வருவதாகச் சொன்னார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து முதன்முறையாக அவர்கள் கண்ணால் சமையலறையைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அந்தக் கறுப்பு வட்டம் மட்டும் அழுக்காகத் தெரிந்தது.

சித்தப்பா அப்போது மூன்று நாள் வெளியூர்ச் சுமைக்குப் போயிருந்தார். மேடைக்கு நான் ஒரு பரிசு கொடுக்கப் போவதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் திரும்பி வந்து பார்த்து அசந்து போக வேண்டும். உண்மையில் அது பரிசு இல்லை, கூச்சம். அதை இப்போது எழுத முடிகிறது; அன்று ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

படித்தவள் அல்லவா, முறையாகச் செய்தேன். உப்புத்தாளால் எண்ணெய் ஊறிய மேல்தோலை ரேகை போகும் திசையிலேயே தேய்த்தேன். மரக்கறை நீக்க என்று கடையில் கேட்டு வாங்கிய வெள்ளைத் தூளை வெந்நீரில் கரைத்து, கையுறை போட்டுத் தடவினேன். கழுவி, காயவிட்டு, மறுபடி தடவினேன். கறுப்பு சாம்பலாயிற்று, சாம்பல் மங்கலாயிற்று. சப்பைப் பக்கம்தான் கடைசி வரை பிடிவாதம் பிடித்தது. இரண்டாம் நாள் அதுவும் போயிற்று.

"அவர்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாடி?" என்றாள் அம்மா.

"வந்து பாத்து அசந்து போகட்டும்மா."

அம்மா பாத்திரம் கழுவப் போனாள்.

நான்கு பேரும் வந்தார்கள், சாப்பிட்டார்கள், சிரித்தார்கள். ஒருவர்கூட மேடையைப் பார்க்கவில்லை.

மறுநாள் சித்தப்பா வந்தார். தண்ணீர்ப் புட்டியின் அடியைச் சட்டையில் துடைத்தபடியே மேடைக்குப் போனவர், புட்டியை வைக்காமல் நின்றார். பிறகு வலது ஓரத்தில் உள்ளங்கையை விரித்து வைத்தார், காய்ச்சல் பார்ப்பது போல.

"எப்படி இருக்கு சித்தப்பா?"

"சுத்தமா எடுத்திருக்க." குரல் அவருடையது போல இல்லை. "தச்சுவேலைக்காரன்கூட இவ்வளவு சுத்தமா எடுக்கமாட்டான்."

என் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நான் முதலிலேயே உங்களுக்குச் சொல்லிவிட்ட கதையை அப்போதுதான் எனக்குச் சொன்னார். திட்டவில்லை. சொல்லி முடித்ததும், "அவனைக் கூட்டிட்டு வந்து காட்டலாம்னு வெச்சிருந்தேன்," என்றார்.

"எப்ப காட்டறதா இருந்தீங்க?"

"ஒரு நாள்."

பத்தொன்பது வருஷமாக அந்த ஒரு நாள் வரவில்லை. நெட்டை நகரத்தின் மறுகோடியில் ஒரு வாகன நிறுத்தத்தில் வாசல் காவல் வேலை பார்ப்பது அவருக்குத் தெரியுமாம். நான்கு தடவை அந்தத் தெருமுனை வரை போய்த் திரும்பியிருக்கிறார்.

அவருடைய பழைய இரும்புத் தூக்கு பரணில் இருந்தது. நான் அதை எடுத்து வந்தேன். "நனைச்சு வெச்சா அதே வட்டம் வந்துடும் சித்தப்பா. எண்ணெயத் தேய்ச்சு எடுத்துட்டு வைக்கறேன். ஒரே பகல்."

அவர் தூக்கை என் கையிலிருந்து வாங்கி அடியைத் துடைத்து ஓரமாக வைத்தார். "அப்படி வந்தா அது உன் கறைம்மா. என்னுது இல்ல."

அப்போது எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. உண்மையை நேராகச் சொன்னால் போதும், சாட்சி எதற்கு என்று. அதையே சொல்லி வாதாடினேன். வக்கீலம்மா ஜெயித்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் கிளம்பினோம்.

வாசலில் இருந்த சின்னத் தகர அறைக்குள்ளிருந்து ஒருவர் குனிந்து வெளியே வந்தார். வந்த பிறகும் நிமிர்ந்துகொண்டே இருந்தார்.

"டேய் குட்டை! இன்னும் வளரலையாடா நீ?"

"நீதான்டா குறைஞ்சுட்ட. அதான் எட்டுது."

நெட்டை அவரைத் தரையிலிருந்து தூக்கியேவிட்டார். என்னை அண்ணன் மகள், பட்டதாரி என்று சித்தப்பா அறிமுகப்படுத்த, "இவனுக்குப் படி எண்ணிச் சொன்னதே நான்தான்மா. என் வாய் இல்லன்னா இவன் இன்னிக்கும் ஏதோ ஒரு மாடியிலதான் நின்னுட்டிருப்பான்," என்றார் நெட்டை. வேலை எப்படி என்று கேட்டபோது மட்டும் குரல் இறங்கியது. "இருக்கு. ஆனா வீடு வீடா உள்ள போய் மனுசங்களப் பாக்கறது மாதிரி வருமா? இங்க வண்டிதான் உள்ள போவுது. நான் வெளியவே நிக்கறேன்."

சித்தப்பா அதற்கு மேல் காத்திருக்கவில்லை. "அந்தப் பலகைக் கறை என் தூக்குடா. உன்னுது இல்ல. எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சும் வாயத் திறக்கல."

நெட்டை சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "பத்தொம்போது வருஷம் கழிச்சு என்னைத் தேத்த வந்தியாடா? நான் கண்ட இடத்துல கண்டதை வைக்கறவன்னு ஊருக்கே தெரியும். என்னால உன்னையும் நிக்கவெச்சுக் கேட்டாங்களேன்னு எனக்குத்தான்டா இத்தன நாளும் உறுத்தல்."

"என் தூக்கு அடி சப்பைடா. வட்டமும் சப்பை. அந்தப் பலகை எங்க வீட்டுலதான் கெடக்கு."

"அப்படியா? வா, காட்டு பாப்போம்."

சித்தப்பா தரையைப் பார்த்தார்.

"அதை நான் அழிச்சுட்டேன் மாமா," என்றேன். "ஆனா நான் தினமும் பாத்திருக்கேன். ஒரு பக்கம் சப்பைதான்."

"பாத்தியா!" நெட்டை என் தலையில் செல்லமாகத் தட்டினார். "அடுத்தவன் பழிய இழுத்துப் போட்டுக்கறது உங்க குடும்ப வியாதி போல."

எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். எங்களை எதுவும் வாங்க விடவில்லை.

திரும்பும் வழியில் பேருந்தில் சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "சொல்லிட்டேன்ல?" என்றார்.

"சொல்லிட்டீங்க."

"அவன் வாங்கிக்கலையே."

நான் மன்னிப்புக் கேட்டேன். "உன்னால இல்ல," என்றார். "வட்டம் இருந்த பத்து வருஷத்துல நான் எங்க போயிருந்தேன்?" அது என்னைத் தேற்றச் சொன்னதா, உண்மையா என்று இன்றும் நான் பிரித்துப் பார்க்க முயல்கிறேன். இரண்டும் சேர்ந்துதான் இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு நெட்டை மாமா மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். இருவரும் சேர்ந்து மேடைக்கு எண்ணெய் காட்டுவார்கள். "வலது. இன்னும் வலது. நிறுத்து, சுவர்," என்று சித்தப்பாவின் கைக்கு அவர் வழி சொல்லுவார். சித்தப்பா இன்னும் நான்கு முறை சொல்லிப் பார்த்தார், கோபமாகக்கூட ஒருமுறை. ஒவ்வொரு முறையும் சிரிப்புதான் பதிலாக வந்தது. ஒருநாள் அம்மா என்னிடம், "பேசாம அந்தத் தூக்கை நனைச்சு வெச்சுடேன்டி," என்று முணுமுணுத்தாள். நான் அதைக் கையில் எடுத்தும் பார்த்தேன். வைக்கவில்லை.

போன வருஷம் சித்தப்பா போய்விட்டார். நெஞ்சுவலி, மருத்துவமனையில் ஒரே நாள்.

அடுத்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நெட்டை மாமா வரமாட்டார் என்று நினைத்தோம். வந்தார். விரலை நனைத்து மேடைமேல் சொட்டு வைத்தார். சொட்டுகள் உருண்டு நின்றன. "இன்னும் பசி இல்ல. போன தடவ அவன் காட்டினது," என்றார். அம்மா டீ கொடுத்தாள். என் முக்காலியில் உட்கார்ந்து, "என்ன மனுசம்மா அவன். என் தப்பைத் தன் தலையில ஏத்திக்க அஞ்சு தடவ பாத்தானே. அவனுக்கு நான்தான் கடன்பட்டிருக்கேன்," என்றார்.

நான் பரணிலிருந்து தூக்கை எடுத்து வந்து அவரிடம் கவிழ்த்துக் காட்டினேன். "பாருங்க மாமா. இதுதான். இதே சப்பைதான் அங்க இருந்துச்சு. அது சித்தப்பா வெச்சதுதான்."

அவர் தூக்கை வாங்கி, சப்பையான இடத்தில் கட்டைவிரலை மெல்ல ஓட்டினார்.

"பாவம், எங்க விழுந்துச்சோ," என்று சொல்லிவிட்டு அதை அப்படியே மேடைமேல் வைத்தார்.

நான் தூக்கை எடுத்து, அடியை என் சட்டையில் துடைத்து, திரும்ப வைத்தேன். சித்தப்பா தர வேண்டியது இன்னும் அப்படியேதான் இருக்கிறது. வாங்கிக்கொள்ள வேண்டியவர் எதிரிலேயே உட்கார்ந்து, ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.